பின்னல் பழகின அனுபவம் இருந்தால் போடுங்கோ, என்ர கதை இது

வல்லைக்காத்து:
போன ஆடியில 750 பஸ்ஸில பருத்தித்துறைக்குப் போறன், யன்னல் சீற், தோய்ஞ்ச தலை காயட்டும் எண்டு பின்னாமல் ஒரு கிளிப் மட்டும்தான் போட்டிருந்தன். வல்லை வெளிக் காத்து எப்பிடியெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளிப் கழண்டு தலைமயிர் முழுக்க பின்சீற்றில இருந்த ஒரு வயசான அம்மாவின்ர முகத்தில. சொறி சொல்லத் திரும்ப முந்தியே அள்ளிப் பிடிச்சிட்டா. "தலையை ஆட்டாதை பிள்ளை." அதுக்குப் பிறகு ஒரு கதையுமில்லை, பின்னத் தொடங்கிட்டா. நெல்லியடிக்குக் கிட்ட ட்ரைவர் அடிச்ச பிரேக்கில நான் முன் கம்பியில போய் முட்டப் பாத்தன், அவவின்ர பிடி விடவுமில்லை, எனக்கு நோகவுமில்லை. அது எப்பிடியெண்டு இண்டைக்கும் விளங்கேல்லை. தலைக்குப் போடுற பாண்ட் எடுக்க பாக்கைத் துழாவினால் "உது வேண்டாம்" எண்டிட்டு நுனி மயிரையே சுத்தி என்னவோ ஒரு முடிச்சுப் போட்டிட்டு, சந்தியில பையையும் தூக்கிக்கொண்டு இறங்கிட்டா. முகத்தைக் கூட வடிவாப் பாக்கேல்லை.

தடவிப் பாத்தன், மூண்டுகால் பின்னல் இல்லை. தட்டையா இல்லாமல் தும்புக்கயிறு மாதிரி உருண்டை. வீட்டை போய் ஆறுதலாப் பாப்பம் எண்டால் அம்மா வாசல்லயே "ஆரடி இது பின்னினது, ஆரடி" எண்டு கேட்டுக் கேட்டே அவிழ்த்திட்டா. யூடியூப் பாத்து ஃபிரெஞ்ச், டச்சு, ஃபிஷ்டெயில் எல்லாம் பழகிட்டன், ஒண்டும் அது இல்லை. ஆருக்கும் தெரியுமோ?

தென்மராட்சி மருமகள்:
நாலுகால் பின்னல்தான், வேறை என்ன. நாலாப் பிரிச்சு வலது ஓரத்துக் காலை பக்கத்தில இருக்கிற ரெண்டுக்கும் பின்னால கொண்டு போய், திரும்பி வரேக்க ஒண்டுக்கு மேலால எடுக்கோணும், பிறகு இடது ஓரத்தையும் அப்பிடியே. உருண்டையா வரும். மேல கீழ மேல எண்டு நெய்தால்தான் தட்டை. எனக்கு மாமி பழக்கினவ, தன்ர தலையில இல்லை, யன்னல் கம்பியில சீலைக்கரை நாலு கட்டி. கலர் நாலும் வேறவேறை, பிழைச்சால் எந்த இடமெண்டு தெரியுமாம். நான் சரியாப் பின்னின அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை, பேசாமல் வந்து எனக்கு முன்னால முதுகைக் காட்டி இருந்தா. கலியாணம் முடிச்சு வந்து அவ்வளவு காலமும் என்னை ஒருக்காலும் தன்ர தலையில கை வைக்க விடாத மனுசி.

வெள்ளைரிபன்:
எல்லாரும் என்ன பின்னல் எண்டுதான் பாக்கிறியள். கேக்காமல் ஒராளின்ர தலையைப் பிடிக்கலாமோ? நான் விடுதியில இருந்து படிச்சனான். காலமை லைனில நிண்டால் பெரிய அக்காமார் கடகடவெண்டு பின்னி விடுவினம், நோகுதெண்டு சொன்னால் இன்னும் இழுவை. ஒரு நாள் கண்ணாடியில பாக்க என்ர ரெண்டு கண்ணும் மேல இழுபட்டு வேற பிள்ளையின்ர முகம் மாதிரிக் கிடந்தது. அண்டைக்கு இரவே பாத்ரூமுக்க நிண்டு நானா ரெட்டைப் பின்னல் பழகினன், பின்பக்கம் தெரியாமல் கையால தடவித் தடவி. இண்டைக்கும் சலூனில ஆரும் தலையைத் தொட்டால் தோள் இறுகிப் போகும்.

எண்ணைச்சட்டி:
வெள்ளைரிபன், பஸ் அம்மாவையும் விடுதி அக்காமாரையும் ஒண்டாக்காதேங்கோ. ஆனா இழுவையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இறுக்கிப் பின்னிப் பின்னி ஒரே இடத்தில இழுபட்டால் வேர் பழுதாகும், நெத்தியோரமும் காதுக்கு மேலயும் கொட்டும், ட்ராக்ஷன் அலோபீசியா எண்டு பேர், கனகாலம் விட்டால் திரும்ப முளைக்காது. அதால நேர் உச்சி, கன்ன உச்சி எண்டு மாத்தி மாத்திப் பிரியுங்கோ. ஈரத்தோட பின்னாதேங்கோ, நனைஞ்ச மயிர் இழுபடும், லேசா அறும். வல்லைக்காத்து, தோய்ஞ்சிட்டு விரிச்சு விட்டது நல்லதுதான், ஆனா பஸ்ஸில இல்லை. சிக்கெடுக்கேக்க நுனியில தொடங்கி மேல வாங்கோ, உச்சியில இருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழ வந்து ஒண்டாத் திரளும். மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவிலதான் வளரும், அப்ப இடுப்பு மட்டும் இருக்கிற தலையின்ர நுனி அஞ்சாறு வருஷம் பழசு, அதை அப்பிடி நினைச்சுக் கையாளுங்கோ. பின்னமுதல் உள்ளங்கையில துளி நல்லெண்ணை தேய்ச்சு நுனிக்கு மட்டும். வெறும் ரப்பர் பாண்ட் போடவே வேண்டாம், துணி சுத்தினது வாங்குங்கோ. என்ர கதை ஒண்டுமில்லை, எனக்குத் தோள் மட்டும்தான் மயிர்.

ரெண்டுபெட்டையளின்ரஅப்பா:
மனிசிக்கு நைற் டியூட்டி வாற கிழமையள் நான்தான் தலை இழுக்கிறது. நைலோன் கயிறு மூண்டைக் கதவுப் பிடியில கட்டிப் பழகினனான், ஆனா கயிறு "ஆ" எண்டு கத்தாது, அசையாது, அதுதான் வித்தியாசம். ஒரு நாள் மூத்தவளுக்கு ரெண்டும் பின்னி, மடிச்சு, ரிபன் பூவும் கட்டி முடிய மாமி வந்தா. ஒண்டும் கதைக்கேல்லை. இடப்பக்கத்தை மட்டும் அவிழ்த்துத் திருப்பிப் பின்னினா, அதுக்குள்ள வான் வந்து ஹோர்ன் அடிக்குது, பிள்ளை வலப்பக்கம் என்ரயும் இடப்பக்கம் மாமியின்ரயுமாப் போயிட்டாள். எனக்கு அண்டைக்கு வேலையே ஓடேல்லை, எது முதல் அவிழும் எண்டு யோசனை. பின்னேரம் வரேக்க ஒரு பக்கம் ரிபன் இல்லை. இடப்பக்கம்! மாமியைப் பாத்தன், மாமி பிள்ளையைப் பாத்தா, அவள் சொல்றாள், ரிபனைத் தான்தான் கழட்டிச் சிநேகிதிக்குக் குடுத்தவளாம். அப்ப ஆர் வெண்டது?

மேல சொன்ன துணி பாண்ட் வழுக்கி விழுது. சின்னப்பிள்ளையளின்ர மெல்லிசு மயிருக்கு என்ன செய்யிறது?

பழையவீதி:
எண்ணைச்சட்டி, இறுக்கம் கூடாது எண்டுறியள். 95 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த அண்டைக்கு, எங்கட அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் பின்னின மாதிரி இறுக்கமா ஆரும் பின்னியிருக்கமாட்டினம். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில, வெளியில சனம் போற சத்தம். எனக்கு ஒண்டு, அவளுக்கு ஒண்டு. நாவற்குழிப் பாலத்தடியில சனம் நெரிஞ்சு அசைய ஏலாமல் நிண்ட இடத்தில, மழைக்க, அம்மா என்ர பின்னல் நுனியையும் தங்கச்சியின்ர பின்னல் நுனியையும் ஒரே ரிபனால சேர்த்துக் கட்டிட்டா. அவவின்ர ரெண்டு கையிலயும் சாமான். தங்கச்சி நித்திரை தூங்கித் தூங்கித் தலையைச் சாய்க்க எனக்கு இழுக்கும், இழுத்தால்தான் அவள் நிக்கிறாள் எண்டு தெரியும். கைதடியில விடியேக்க நனைஞ்ச ரிபன் முடிச்சை அவிழ்க்க ஏலாமல் அம்மா பல்லால கடிச்சு எடுத்தா. தங்கச்சி இப்ப கனடாவில, பொப் வெட்டு.

வல்லைக்காத்து:
பழையவீதி அக்கா, என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை.

தென்மராட்சி மருமகள், நீங்கள் சொன்ன நாலுகால் பின்னிப் பாத்தன், உருண்டை வருது, அதுதான் எண்டு நினைக்கிறன். ஆனா பாண்ட் இல்லாமல் நிக்குதில்லை, அந்த முடிச்சு?

தென்மராட்சி மருமகள்:
நுனிக்கு நாலு விரல்கடை முந்தி ஒரு மெல்லிசுப் புரி பிரிச்சு விடுங்கோ. அதால பின்னலைச் சுத்தி, சுத்தின வளையத்துக்குள்ளாலயே அந்தப் புரியின்ர நுனியை விட்டு இழுக்கிறது, ரெண்டு தரம். சுருள் மயிருக்கு நிக்கும், நேர் மயிருக்குக் கஷ்டம். அப்பாவுக்கு: பாண்ட் போட முந்தி நுனியைச் சாடையா ஈரப்படுத்துங்கோ, வழுக்காது. நுனியை மட்டும், இல்லாட்டி எண்ணைச்சட்டி எங்கள் ரெண்டு பேருக்கும் பேசுவா.