கில்பெக் போறவங்களுக்கு

அருண்: சனிக்கிழமை இங்கிலாந்து ஹெரிஃபோர்டுல இருந்து கில்பெக் கிராமத்துப் பழைய சர்ச்சைப் பார்க்கப் போறோம். 14 கி.மீ.தானே, 12 மணிக்குப் போனா சரியா சித்தப்பா?

சித்தப்பா: 12 வேணாம்பா. சிற்ப வாசல் தெக்குப் பார்த்தது. உச்சி வெயில் நேரா அடிச்சா செதுக்கல் தட்டையாத் தெரியும். சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழணும், அப்பதான் ஒவ்வொரு இலையும் நிழலோட எழும்பி நிக்கும்.

சித்தப்பா: இடது தூண்ல கொடிக்குள்ள சிக்கின ரெண்டு வீரர்கள். கால்சட்டையோட மடிப்பு வரைக்கும் கோடு கோடா செதுக்கியிருக்கான். வலது தூண் தலைப்புல ஒரு முகம், வாயில இருந்து கொடி கிளம்புது. இந்த ரெண்டையும் பார்க்காம உள்ள போகாத.

மீனா அக்கா: பைனாகுலர் கட்டாயம் அருண், 8 மடங்கு போதும். கூரை விளிம்புக்குக் கீழ சுத்திலும் 85 கல் உருவங்க இருக்கு. தரையில இருந்து வெறும் கண்ணுக்குப் பாதிதான் பிடிபடும். நாயும் முயலும் ஒரே கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கும், விட்டுடாத.

அருண்: 1140 வாக்குல கட்டினதாச்சே, எப்படிக்கா இன்னும் தேயாம இருக்கு?

மீனா அக்கா: கல்லு கெட்டி, சிவப்பு மணற்கல். கட்டின எடத்தை விட்டு நகரவும் இல்ல. அதே சிற்பி மரபுல வந்த ஷாப்டன் ஊர் சர்ச் வளைவுகளைப் பாரு. 1750கள்ல பழைய சர்ச்சை இடிச்சு, வளைவுகளை மட்டும் மேட்டுல வெட்டவெளியில நிறுத்திட்டாங்க. கல்லுக்குள்ள ஊறின தண்ணி உறையும்போது சுமார் 9% விரியும், மேல்தோல் பொரிஞ்சு விழும். இப்ப அங்க பல உருவங்க அடையாளமே தெரியல. நினைச்சாலே மனசு ஆறல.

சித்தப்பா: இந்த மாதிரிக் கல்லுக்கு சிமெண்ட்டும் எமன்தான். இணைப்புல சிமெண்ட் பூசினா ஈரம் அது வழியா வெளிய வராது, கல்லு வழியா வரும், கல்லுதான் உதிரும். 1 பங்கு சுண்ணாம்புக் களி, 3 பங்கு மணல், அதான் சரி. உதிர்ந்தா சாந்து உதிரட்டும், திரும்பப் பூசிக்கலாம்.

அருண்: அப்பா பேப்பர் வெச்சுப் பென்சில்ல தேய்ச்சுப் படி எடுக்கலாமான்னு கேக்குறாங்க.

மீனா அக்கா: வேணவே வேணாம்னு சொல்லு. தேய்க்கத் தேய்க்க மணல் மணலா வந்துரும். விரலும் வைக்காதீங்க. போட்டோ போதும்.

சித்தப்பா: உள்ள நடு வளைவுல ரெண்டு பக்கமும் அப்போஸ்தலர்கள் ஒருத்தர் மேல ஒருத்தரா நிக்கிறாங்க. சாவி வெச்சிருக்கறவர் பேதுரு. டார்ச்சை நேரா அடிக்காம பக்கத்துல இருந்து சாய்ச்சு அடி.

அருண்: சரி சித்தப்பா. சாயங்காலம் வரைக்கும் என்ன பண்றது?

சித்தப்பா: முதல்ல ரோல்ஸ்டோன் ஊர் சர்ச்சுக்குப் போயிட்டு வாங்க, அதுவும் அதே மரபுதான். உள் வளைவுல ஒரு பக்க உருவங்க தலைகீழா இருக்கும். கில்பெக் சர்ச்சுக்கு மேற்கால கோட்டை மேடு, புல் வழுக்கும், அப்பாவுக்கு நல்ல பிடிப்பான ஷூ போடச் சொல்லு.