பழைய சுண்ணாம்புச் சுவர் சமையலறை: சிமென்ட் பூச்சு உதிர்கிறது

கேள்வி:
நூறாண்டு தாண்டிய செங்கல் வீடு. சமையலறையில் பின்னாளில் பூசிய சிமென்ட் இடுப்பளவு உயரம்வரை பொருமி, உப்பு பூத்து உதிர்கிறது. கொத்திவிட்டு மறுபடி சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டலாமா? கிரானைட் மேடையைச் சுவரில் செருகலாமா?

பதில் 1:
சிமென்ட் வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். சிமென்ட் அடைத்தால் உப்பு பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும், டைல்ஸும் அப்படித்தான். கையுளியால் கொத்துங்கள், டிரில் வைத்தால் செங்கல் முகமே பெயரும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து உள்ளே இறங்கும். சுவர் காய மாதக்கணக்காகலாம். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஒரு தடவைக்கு 10 மி.மீ. கனம் போதும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மேலே சுண்ணாம்பு அடிங்க. எமல்ஷன் அடித்தால் இவ்வளவும் வீண்.

பதில் 2:
20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ. சுவரில் காடி வெட்டாமல் தரையிலிருந்து தாங்கு கட்டுங்கள். தரையின் உயரமான புள்ளியிலிருந்து மட்டம் எடுக்கணும். ஸிங்க் கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு.

கேட்டவர்:
ஸிங்க் பின்னால் தண்ணீர் தெறிக்குமே?

பதில் 1:
அங்கு மட்டும் கல் பலகை, சுவரிலிருந்து 20 மி.மீ. தள்ளி, மேலும் கீழும் காற்றுக்கு வழி விட்டு. அதற்கு முன் வெளியே பாருங்கள்: மண் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் முதலில் அதை வெட்டி இறக்குங்கள்.