இரண்டு மாத இராஜபாளையம் குட்டிக்கு எந்த உணவு ஏற்றது?

கேள்வி: இரண்டு மாதம் நிறைந்த இராஜபாளையம் நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பாலும் சோறும் தின்று வளர்ந்த அதற்கு இப்போது கழிச்சலாக இருக்கிறது. கடைத் தீவனத்துக்கு உடனே மாற்றலாமா?

பதில் 1: முதலில் பசும்பாலை நிறுத்துங்கள், பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் பல குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாகிறது. தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய உணவோடு கால் பங்காகச் சேர்க்கத் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் முழுமையாக மாற்றுங்கள். கழிச்சலில் இரத்தம் தெரிந்தாலோ குட்டி சோர்ந்து படுத்தாலோ, பார்வோ என்னும் ஆபத்தான வைரஸ் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2: உயரமாக வளரும் இனம் என்பதால், பெரிய இனக் குட்டிகளுக்கானது என்று பையில் அச்சிட்ட தீவனத்தையே வாங்குங்கள். அதற்கு மேல் கால்சியம் மருந்தும் கொடுத்தால் எலும்பு வளர்ச்சி கெடும். அன்பினாலேயே பலர் இப்படிச் செய்வது வருத்தமளிக்கிறது.

பதில் 3: தீவனத்தோடு எலும்பு நீக்கிய வெந்த கோழியோ முட்டையோ சிறிது சேர்க்கலாம். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம்.