வாக்குரிமைக்கும் மக்களின் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி (உவர்மலை, ஆசிரியை):
கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் ஆளுநரே நிர்வாகத்தை நடத்துகிறார். நம் கிராமிய வைத்தியசாலைகளும் அந்த நிர்வாகத்தின் கீழேயே உள்ளன. வைத்தியரும் மருந்தும் இருந்தால் போதாதா, வாக்கு எதற்கு என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். சான்றோடு என்ன சொல்லலாம்?

பதில் (திருகோணமலை நகர்):
ரீச்சர், நம் நாட்டிலேயே வலுவான சான்று உண்டு. 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது, 1936 தேர்தலில் கிராமத்து வீடுகளின் படியேற வேண்டியிருந்த அரசாங்க சபை உறுப்பினர்களால் அந்தச் சாவுகளைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் வைத்தியசாலைகளும் மருத்துவிச்சிகளும் கிராமங்கள்தோறும் பெருகினர். 1950களின் தொடக்கத்தில் அரச வைத்தியசாலைகளில் கட்டணமும் நீங்கியது.

மறுபக்கத்தையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1948இன் சட்டத்தால் குடியுரிமையையும் அடுத்த ஆண்டில் வாக்கையும் இழந்த மலையகத் தமிழரின் மருத்துவம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே நெடுங்காலம் கிடந்தது. தோட்டங்களின் சிசு மரண வீதம் பல பத்தாண்டுகளாக நாட்டின் சராசரியை விட உயர்ந்தே நின்றது. கூலியும் லயத்து வாழ்வும் இதற்குக் காரணங்களே, ஆனால் அவற்றை மாற்றக் கேட்கும் வலுவையும் அந்தச் சட்டங்கள் பறித்தன என்பதே என் உறுதியான கருத்து.

பதில் (கிண்ணியா):
பல கட்சித் தேர்தல் இல்லாத கியூபாவிலும் சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆகவே வாக்கு ஒன்றே போதும் என்று சொல்லிவிட வேண்டாம். ஆயினும் 2017 மார்ச்சில் இங்கு டெங்கு பரவியபோது, வடிகானில் நுளம்புக் குடம்பிகள் நெளிவதைக் கண்டும் முறையிடுவதற்கு வட்டார உறுப்பினர் என்று எவரும் இருக்கவில்லை. 2015இல் காலம் முடிந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2018 பெப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. தேர்தல் நடந்த ஊர்களிலும் டெங்கு வரும். ஆனால் அங்கே கேள்வி கேட்பதற்கு ஓர் ஆளாவது இருப்பார்.

பதில் (மூதூர்):
பிரேசிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே எழுத்தறியாதோர் வாக்குச் சீட்டை நிரப்ப முடியாமல் தவறியதால் ஏராளமான வாக்குகள் செல்லாமற்போயின. 1990களில் வேட்பாளரின் படத்தைக் காட்டும் மின்னணு இயந்திரம் வந்தபின் ஏழைகளின் வாக்குகள் எண்ணிக்கையில் சேர்ந்தன; மாநிலங்களின் சுகாதாரச் செலவு உயர்ந்தது, கல்வி குறைந்த தாய்மார் கர்ப்பகாலப் பரிசோதனைக்குச் செல்வது கூடியது, அவர்களுக்கு எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தன. சட்டத்தில் முன்பே இருந்த உரிமை, வாக்கு உண்மையில் எண்ணப்பட்ட பிறகுதான் தாயின் கிளினிக்கை எட்டியது.