மேலே களிமண், உள்ளே பூனை

பெரியப்பா: நேற்றிரவு தூக்கம் வராததால் ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’, அதாவது ‘ஒரு வாளி ரத்தம்’ என்ற 1959ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படத்தை மறுபடியும் பார்த்தேன். ரோஜர் கார்மன் 50,000 டாலர் செலவில் ஐந்தே நாட்களில் எடுத்த 66 நிமிடப் படம் இது. மறு ஆண்டே அவரும் கதாசிரியர் சார்லஸ் கிரிஃபித்தும் சேர்ந்து தந்த ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ பெயரைத் தட்டிக்கொண்டு போக, இது மூலையில் கிடக்கிறது.

ராணி அத்தை: தலைப்பே வயிற்றைக் கலக்குகிறதே, அண்ணா! இதையெல்லாம் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து பார்ப்பார்களா?

பெரியப்பா: பயப்பட ஒன்றுமில்லை, ராணி. கவிஞர்களும் ஓவியர்களும் கூடும் காபிக் கடையில் மேசை துடைக்கும் வால்ட்டர், சுவருக்குள் சிக்கிய வீட்டுக்காரம்மாவின் பூனையை மீட்பதற்காகச் சுவரைக் கத்தியால் குத்தப்போய், பூனையையே கொன்றுவிடுகிறான். அதன்மேல் களிமண்ணைப் பூசி, கத்தியைக்கூட உருவாமல் கடைக்கு எடுத்துச் சென்றால், எல்லோரும் அபாரமான சிற்பம் என்று கொண்டாடுகிறார்கள். அவன் அதற்கு வைத்த பெயரே ‘செத்த பூனை’தான், அப்போதும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

செந்தில்: கல்லூரி நாட்களில் நானும் பார்த்திருக்கிறேன், பெரியப்பா. வால்ட்டராக நடித்த டிக் மில்லரின் அந்த வெள்ளந்தி முகம் இல்லையென்றால் படம் நிற்காது. மாறுவேடத்தில் வந்த போலீஸ்காரரை அவன் வாணலியால் அடித்துக் கொன்ற பிறகும் அவன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் முடிவில் களிமண் பூசிய அவன் உடலைக் காட்ட வேண்டிய இடத்தில் முகத்தில் வெறும் சாம்பல் பூச்சைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பெரியப்பா: அந்த இடத்தில் கஞ்சத்தனம் பல்லை இளிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் கடை முதலாளி லெனார்டை மறந்துவிட்டாயே! களிமண்ணுக்குள் பூனை மயிர் தெரிந்ததும் போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லத் துணிகிற அதே மனிதர், அந்தப் பூனைக்கு ஒருவர் 500 டாலர் தருகிறேன் என்றவுடன் வாயை மூடிக்கொள்கிறார். வால்ட்டருக்காவது புத்தி மட்டு. இவருக்கு எல்லாம் தெரியும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவருக்காகத்தான்.

ராணி அத்தை: பூனை சாவதை நேராகக் காட்டுகிறார்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா: இல்லையம்மா, சுவருக்குள் இருந்து அலறல் மட்டும் கேட்கும்.

ராணி அத்தை: அப்படியானால் இணைப்பை அனுப்புங்கள், அண்ணா. வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்க்கிறேன்.