பிச்சியா, மல்லியா? வாசனையைக் கருவியில் பிரித்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தோவாளைப் பக்கத்திலிருந்து:

ஓணம் நெருங்கினால் எங்கள் தோவாளைச் சந்தையில் பாதிப் பேச்சு மலையாளமாகத்தான் இருக்கும். பிச்சி, கொழுந்து, வாடாமல்லி என்று மூட்டை மூட்டையாக எல்லை தாண்டிப் போகும். அங்கே வளர்ந்த நான் பூவாசனையை ஆராயும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் ஊரில் கேட்டார்கள்: “பிச்சியையும் மல்லியையும் பிரிக்க மெஷின் எதுக்கு?” நியாயமான கேள்விதான். மல்லிக்குத் தனி இலை. பிச்சிக்கு ஒரே காம்பில் ஏழெட்டுச் சிற்றிலை, மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல். கண்ணே போதும். இலையும் பூவும் போய் எண்ணெய் மட்டும் மிஞ்சும்போதுதான் கருவி வேண்டும்.

பூ செடியில் இருக்கும்போதே கிளைக்கு வாசனையில்லாத பை ஒன்றை மாட்டி, உள்ளே ஒரு ஊசியை நுழைப்போம். ஊசிக்குள் மெல்லிய நார் இருக்கும். அதன் மேல்பூச்சு மணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜிசி-எம்எஸ் என்ற, கலவையைப் பிரித்து எது எது என்று காட்டும் கருவியில் அதைச் சூடாக்கினால் ஒட்டியதெல்லாம் ஆவியாகி, 30 மீட்டர் நீளச் சன்னக் குழாய்க்குள் ஓடி, ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் வெளியே வரும். திரையில் பொருளுக்கு ஒன்றாக முகடு முகடாக எழும்.

பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்ற மணப் பொருள்கள் மூன்றும் இரண்டு பூவிலும் உண்டு. பிச்சியைக் காட்டிக்கொடுப்பது சிஸ்-ஜாஸ்மோன். மல்லியில் மெத்தில் ஆந்த்ரனிலேட் தூக்கலாக நிற்கும். திராட்சை மிட்டாயில் வருமே, அந்த வாசனை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நேரத்தைப் பற்றி. சாயங்காலம் மூடிய மொட்டில் எடுத்தால் படம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். அதே கிளையில் ராத்திரி, பூ விரிந்தபின் எடுத்தால் முகடுகள் திரையை முட்டும். மொட்டில் வாசனைப் பொருளில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடக்கிறது. விரியும்போது நொதிகள் அதைப் பிரித்துவிடுகின்றன. அதனால் பறித்த நேரம் குறிக்காத பூவை யார் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

பக்கத்து ஊர் அண்ணாச்சி ஒருவர், நர்சரியில் வாங்கிய பிச்சிக் கன்றில் ரகம் கலந்துவிட்டது என்று வந்தார். பாதித் தோட்டத்துப் பூ வேறு மாதிரி மணக்கிறதாம். ஒரே ராத்திரியில், ஒரே நேரத்தில், இரண்டு பக்கத்துச் செடிகளிலும் எடுத்தோம். எல்லாவற்றிலும் அதே பொருள்கள்தான், அளவுதான் கூடக்குறைய. அந்த வித்தியாசமோ ஒரே வரிசையில் அடுத்தடுத்து நின்ற செடிகளுக்குள்ளேயும் இருந்தது. “இதை வைத்து ரகம் சொல்ல முடியாது, இலையைக் கொடுத்து டிஎன்ஏ பாருங்கள் அண்ணாச்சி” என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் இல்லாத தீர்ப்பை எழுதிக் கொடுப்பது அவர் பணத்துக்கும் என் தொழிலுக்கும் துரோகம். இனம் வேறென்றால் வாசனை பளிச்சென்று சொல்லும். ஒரே இனத்துக்குள் ரகம் பிரிக்க அதை மட்டும் நம்பக்கூடாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அக்கா எண்ணெய் என்று சொன்னதும் எழுதத் தோன்றியது. பூவிலிருந்து சென்ட் சரக்கு எடுக்கும் ஒரு ஆலையில் இருந்தேன். அங்கே மொட்டு வேண்டாம், விரிந்த பூதான் வேண்டும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் மெழுகு மாதிரி வரும், அது கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் அப்சல்யூட். இந்த நிலையில் எது பிச்சி, எது மல்லி என்று வாங்குபவருக்குக் கண்ணால் தெரியாது.

பெரிய தொல்லை கலப்படம். செயற்கை பென்சைல் அசிடேட் மலிவு. ஒருமுறை வந்த சரக்கில் அந்த ஒரு முகடு கோபுரமாக நின்றது, சுற்றியிருக்க வேண்டிய சில்லறை முகடுகளைக் காணோம். மூக்குக்கு நல்ல மல்லிகைதான்! லினலூலிலும் பிடிக்கலாம். கண்ணாடிப் பிம்பம் போல அதற்கு இரண்டு வடிவம் உண்டு. மல்லியில் பெரும்பாலும் ஒரு வடிவம்தான் இருக்கும். சாதாரணச் செயற்கைச் சரக்கில் இரண்டும் சரிபாதி. அதைப் பிரிக்கத் தனிக் குழாய் வேண்டும், எல்லா ஆய்வகத்திலும் இருக்காது.

நகரியிலிருந்து:

நான் பார்ப்பது துளசி. கற்பூரத் துளசியை இலையைக் கசக்கினாலே தெரியும், கருவியிலும் கற்பூர முகடு முன்னால் நிற்கும். எங்கள் வீட்டுத் துளசியில் யூஜினால், கிராம்பில் இருப்பதேதான். சரி, அக்காவிடம் ஒரு கேள்வி. பூவைப் பறித்து பஸ்ஸில் அனுப்பினால் சோதிக்க முடியுமா?

தோவாளைப் பக்கத்திலிருந்து:

முடியும் தம்பி, ஆனால் அது செடியில் இருந்த வாசனை இல்லை. பறித்த பின்னும் மல்லியும் பிச்சியும் மணத்தை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கும். ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒரே நேரத்தில் பறித்து, தனித்தனிக் கண்ணாடிச் சீசாவில் இறுக மூடி, ஐஸ் பெட்டியில் ஒன்றாக அனுப்புங்கள். பாலிதீன் பை வேண்டாம், அது மணத்தை இழுத்துக்கொள்ளும். பறித்த மணியைச் சீசா மேலேயே எழுதிவிடுங்கள்.