ரிவெட்டைத் தொட்டால் வண்டி செத்ததா?

கார்பரேட்டர்_காதலன்:
பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது அதன் அடையாள எண் பொறித்த வின் தகட்டைக் கழற்றிவிட்டாலே அது செத்த வண்டி, கழற்றியவன் கம்பி எண்ண வேண்டியவன் என்று ரிவெட்ராசா நேற்று தீர்ப்பு எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. ஐயா, துரு தகட்டுக்கு அடியில்தானே ஓடுகிறது? தகட்டை அப்படியே வைத்துக்கொண்டு மணல் அடித்தால் எண்ணே அழிந்துவிடும். பாடியை ஆசிட் தொட்டியில் இறக்குகிறவர் தகட்டையும் சேர்த்து முக்க வேண்டுமா? கழற்றுவதற்கு முன்பு படம் எடுத்து, வேலை முடிந்ததும் அதே தகட்டை அதே துளையில் பொருத்துவதுதான் பொறுப்பான வேலை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே (18ஆம் தொகுப்பு, 511ஆம் பிரிவு) பழுதுபார்க்க நியாயமாகத் தேவைப்பட்டால் கழற்றலாம் என்று விலக்கு கொடுத்திருக்கிறது.

ரிவெட்ராசா:
வந்துவிட்டார் வக்கீல். சட்டத்தை ஓரமாக வையுங்கள், ரிவெட்டுக்கு வாருங்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் தகட்டைப் பிடித்திருப்பது ஆறு இதழ் பூ வடிவத் தலை கொண்ட ஆணி, அதாவது பூ ரிவெட். தொழிற்சாலையில் அடித்தது. துளை போட்டு எடுத்தால் அது போச்சு. திரும்ப எந்த ரிவெட்டைப் போடுவீர்கள்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

திருப்புளி:
நடுவில் ஒரு சந்தேகம். எந்தத் தகட்டைப் பற்றிப் பேசுகிறோம்? டாஷ்போர்டில் முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற வின் தகடா, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் பெயின்ட், உள்அலங்கார (டிரிம்) குறியீடுகளோடு இருக்கும் பாடி தகடா? இரண்டும் ஒன்றில்லையே. முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொண்டால்...

ரிவெட்ராசா:
எந்தத் தகடாக இருந்தால் என்ன தம்பி? ரிவெட் ரிவெட்தான்.

கார்பரேட்டர்_காதலன்:
பூ ரிவெட் புதிதாகவே கிடைக்கிறது. வண்டியின் உரிமைப் பத்திர நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கொடுக்கும் விற்பனையாளர்களும் உண்டு. அது தவிர, டாஷ்போர்டை இறக்கிவிட்டுப் பின்பக்கமிருந்து பொறுமையாகத் தட்டினால் பழைய ரிவெட்டின் தலை சேதமில்லாமல் வெளியே வரும். கை பழகியவர்களுக்குத் தெரியும்.

ரிவெட்ராசா:
"புதிதாகவே கிடைக்கிறது." அவ்வளவுதான், வாக்குமூலம் வந்துவிட்டது. புதிய ரிவெட் என்றால் தொழிற்சாலை ரிவெட் இல்லை. தொழிற்சாலை ரிவெட் இல்லை என்றால் அந்தத் தகடு அந்த வண்டியுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? திருட்டு வண்டிக்கு வேறு தகட்டை மாட்டுகிறவனும் இதே கடையில்தானே பூ ரிவெட் வாங்குவான்? ஆறு இதழைப் பார்த்து இவன் நல்லவன், அவன் திருடன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று தடவை கேட்டுவிட்டேன், ரிவெட்டுக்குப் பதில் இல்லை.

துருவேட்டை:
ராசா அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்துக்காரர் ஒருவர் வாங்கிய 1959 செவர்லே கார்வெட் கார் நினைவிருக்கிறதா? முன்பு எப்போதோ புதுப்பித்தபோது தகட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், வாங்கியவருக்கு அது தெரியாது. 2017இல் பதிவுக்காகச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் மாநில நெடுஞ்சாலைக் காவல்துறை வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டது. வண்டியை நொறுக்கவே சட்டத்தில் வழி இருந்தது.

கார்பரேட்டர்_காதலன்:
பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். அந்த வழக்கால்தான் 2022இல் கேன்சஸ் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தியது. பழைமையான வண்டியைப் புதுப்பிக்கத் தகட்டைக் கழற்றி மாட்டினால் குற்றமில்லை என்றாக்கினார்கள். நான் சொன்னதைத்தானே ஒரு மாநிலமே ஒப்புக்கொண்டிருக்கிறது?

ரிவெட்ராசா:
அதற்குள் வண்டி எத்தனை வருடம் காவல்துறைக் கொட்டகையில் கிடந்தது? அதைச் சொல்லுங்கள். ரிவெட்டைத் தொடாமல் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

பெயின்ட்_பாண்டியன்:
வின் எண்ணை ஆன்லைனில் தட்டினால் பதினேழு எழுத்தும் சரியா தவறா என்று சொல்லிவிடுமே? இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

துருவேட்டை:
பதினேழு எழுத்து முறை வந்ததே 1981 மாடலிலிருந்து. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. 59 கார்வெட்டைத் தட்டிப் பாருங்கள், என்ன வருகிறதென்று பார்ப்போம்.

பெயின்ட்_பாண்டியன்:
தெரியாமல் கேட்டால் இப்படித்தான் பேசுவீர்களா? மெட்டாலிக் பெயின்ட் விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் போல.

துருவேட்டை:
வாங்கிக் கட்டிக்கொண்டது நானா? கடைசிப் பூச்சான கிளியர் கோட்டுக்கு மேலே முதல் பூச்சான பிரைமரை அடிக்கச் சொன்ன மகான் யார்?

திருப்புளி:
தகடு போனாலும் வண்டிக்கு வேறு அடையாளங்கள் உண்டே. ஃபோர்டு மஸ்டாங்கில் எஞ்சின் அறையின் பக்கத் தகடுகளில் எண் அடித்திருப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் பிளாக்கிலேயே எண்ணின் ஒரு பகுதி இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் ரிவெட் எதுவாக இருந்தால் என்ன? எந்தத் தகடு என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

கார்பரேட்டர்_காதலன்:
பென்ட்லி ஓல்ட் நம்பர் ஒன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தை வென்ற வண்டி. சேசிஸ், எஞ்சின், பாடி எல்லாம் மாறி மாறி வந்தும், தொடர்ச்சியான வரலாறு இருப்பதால் அது அந்தப் பெயருக்கு உரிய வண்டிதான் என்று 1990இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. உலோகமே மாறிப் போன வண்டிக்கு அடையாளம் இருக்கிறது, ரிவெட் மாறிய வண்டிக்கு இல்லையா?

ரிவெட்ராசா:
அதில் பூ ரிவெட் உண்டா? இல்லை. அப்புறம் எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? 1929க்கு ஓடுகிறார், கேன்சஸுக்கு ஓடுகிறார், ரிவெட் பக்கம் மட்டும் வரமாட்டார். தகட்டைச் சுற்றி நாடா ஒட்டி, கையால் சுரண்டி, தூரிகையால் பெயின்ட் தொட்டு வேலை செய்த தலைமுறை நாங்கள். நேரம் பிடிக்கும், முதுகு வலிக்கும், ஆனால் ரிவெட் இருந்த இடத்தில் இருக்கும். இவர்களுக்கு அவசரம். துளைபோடும் கருவி கையில் இருந்தால் எதையாவது துளைக்க வேண்டும்.

கார்பரேட்டர்_காதலன்:
அந்தத் தலைமுறை நாடா ஒட்டிவிட்டுப் போன துருவைத்தான் இன்று நாங்கள் வெட்டி எறிந்துகொண்டிருக்கிறோம்.

ரிவெட்ராசா:
வெட்டி எறிந்ததில் எத்தனை ரிவெட் போனது?

ஹெட்லைட்:
1970 டாட்ஜ் சேலஞ்சர் காருக்கு ரேடியேட்டரைத் தாங்கும் சப்போர்ட் யாரிடமாவது இருக்கிறதா?

திருப்புளி:
வாங்கும்போது பாருங்கள். கழற்றிய வண்டியின் எண் அதில் அடித்திருக்கும், உங்கள் வண்டியோடு ஒத்துப்போகாது.

ரிவெட்ராசா:
அதையாவது ரிவெட் பண்ணாமல் விட்டார்களே.

பெயின்ட்_பாண்டியன்:
துருவேட்டை, பிரைமர் விஷயத்தில் நான் அப்படி எழுதவே இல்லை. எழுதினேன் என்றால் எடுத்துக் காட்டுங்கள். இன்று இரவு வரை காத்திருப்பேன்.